‘யாரோ ஒரு கென்யாக்காரன்’
ஓட்டப் பந்தயச் செய்திகளும் நிறவேற்றுமையும்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவின் பெருமர நிழலில், நாள்தோறும் கூடும் பெரியவர்கள் செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். முந்திய நாள் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“நேத்து ஓட்டத்துல யாருங்க ஜெயிச்சது?” என்றார் ஒருவர்.

“எவனாச்சும் கென்யாக்காரனாத்தான் இருப்பான். வேற யாரு?” என்றார் மற்றொருவர், தாளின் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பாமலே.

பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்த நானும் ‘ஆம்’ என்பது போலத் தலையசைத்தேன். அறைக்குத் திரும்பிச் செய்தியைப் படித்த பின்புதான் தெரிந்தது: வென்றவர் கென்யர் அல்லர். உகாண்டா நாட்டு ஜோஷுவா செப்டெகெய். 27 நிமிடம் 53 விநாடியில் ஓடி முடித்திருந்தார். பெண்கள் பிரிவில் வென்ற சாரா செலங்கட்டும் உகாண்டா நாட்டவரே. செப்டெகெய் பெயர் தெரியாத ஓட்டக்காரரும் அல்லர். 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 விநாடியில் ஓடி 2020-இல் உலக சாதனை படைத்தவர்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் தங்கம் பெற்றவர்.

அன்று மாலை, எங்கள் தெருவிலேயே மாடியறை ஒன்றில் தங்கிப் படிக்கும் உகாண்டா நாட்டு மாணவரைக் கண்டேன். முகமெல்லாம் மலர்ச்சி. “செப்டெகெய் எங்கள் கப்சோர்வா மலைப்பகுதிக்காரர். உங்கள் ஊரார் என்ன சொல்கிறார்கள்?” என்று ஆவலோடு கேட்டார். நான் என்ன சொல்வேன்? “மிகவும் மகிழ்ந்தார்கள்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வேற்று நாட்டு ஓட்டக்காரர் வெல்லும்போது நம் தாள்களும் தொலைக்காட்சியும் அதைச் சொல்லும் முறையில் நிறவேற்றுமை கலந்திருக்கிறதா? ‘ஆம்’ என்று முழங்குவதும் எளிது. ‘இல்லை’ என்று கைவிரிப்பதும் எளிது. இரண்டையும் விடுத்து, பகுத்துப் பார்ப்போம்.

முதலில் பந்தயம்

பெங்களூரின் இந்த ஓட்டம் 2008-இல் தொடங்கியது. மக்கள் இதை ‘மாரத்தான்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இது பத்தே கிலோமீட்டர். ஆயினும் உலகின் பெரிய மாரத்தான் வீரர்கள் பலர் இந்நகரச் சாலைகளில் ஓடியிருக்கிறார்கள். 2023-இல் இங்கே வென்ற கென்ய வீரர் செபாஸ்டியன் சாவே, 2025-இல் இலண்டன், பெர்லின் ஆகிய இரு பெரும் மாரத்தான்களையும் வென்றார்.

ஆண்கள் பிரிவில் முதலாண்டு வென்றவர் எரித்திரிய நாட்டு செர்செனாய் டாடேசே. மறு ஆண்டு எத்தியோப்பியாவின் டெரிபா மெர்கா. பின்னர் கென்யர் பலர், இடையிடையே எத்தியோப்பியர், 2025-இல் உகாண்டர். நான்கு நாடுகள், அந்நான்கிலும் பேசப்படும் மொழிகளோ பற்பல. கென்யா ஒன்றிலேயே நாற்பதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. ஓட்டத்தில் பெயர் பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் பிளவுப் பள்ளத்தாக்கு மேட்டுநிலத்தில் வாழும் கலெஞ்சின் மக்கள். அவர்கள் கென்ய மக்கள்தொகையில் சிறு பகுதியினரே. ஆகவே ‘ஆப்பிரிக்கர் ஓடுவார்கள்’ என்பது, ‘ஆசியர் பட்டு நெய்வார்கள்’ என்பதைப் போன்ற பேச்சு. காஞ்சிபுரத்தானும் சிரிப்பான், கஜகஸ்தானத்தானும் சிரிப்பான்.

நடுநிலை தவறாதிருக்கச் சில சொற்கள்

குற்றம் சாட்டுமுன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா?

வெளிநாட்டு வீரர் வியாழனோ வெள்ளியோ வருகிறார், ஞாயிறு ஓடுகிறார், திங்கள் விமானம் ஏறிவிடுகிறார். அவரோடு அமர்ந்து பேச நிருபருக்கு நேரமும் இல்லை, பல வேளைகளில் பொதுமொழியும் இல்லை. நம் நாட்டு வீரரைப் பற்றி அறிய வாசகர் விரும்புவதும் இயல்பே. இந்தியருக்குத் தனிப் பிரிவும் தனிப் பரிசும் உண்டு. அவர்களைப் பற்றி இரண்டு பத்தி கூடுதலாக எழுதுவது வேற்றுமை ஆகாது. தன் பிள்ளையின் மதிப்பெண்ணை முதலில் கேட்கும் தாய், பிறர் பிள்ளையை வெறுப்பவள் அல்லள்.

ஆகவே எத்தனை வரி எழுதினார்கள் என்பது சரியான உரைகல் ஆகாது. எப்படி எழுதினார்கள் என்பதே உரைகல். அதை மூன்று கேள்விகளாகப் பிரிக்கலாம். ஆளைப் பெயரால் சொல்கிறார்களா, கூட்டமாகச் சொல்கிறார்களா? வெற்றிக்குக் காரணமாக உழைப்பைச் சொல்கிறார்களா, உடலைச் சொல்கிறார்களா? வெற்றியை ஏற்கிறார்களா, ஐயத்தோடு பார்க்கிறார்களா?

பெயர் இழந்த வெற்றி

‘ஆப்பிரிக்கர் ஆதிக்கம்’, ‘கென்யர் கொடி பறந்தது’ என்ற வகைத் தலைப்புகள் நமக்குப் பழக்கமானவை. பெயர் உள்ளே மூன்றாம் வரியில் வரும். செப்டெகெய் போன்ற பெரும்புகழ் பெற்றவராயின் தலைப்பிலேயே பெயர் வந்துவிடும். ஆனால் பல ஆண்டுப் பழக்கம் வாசகர் மனத்தில் ஓர் அச்சைப் பதித்துவிடுகிறது. அதனால்தான் பூங்காப் பெரியவர் தாளைத் திறக்காமலே விடை சொன்னார்; நானும் தலையசைத்தேன்.

இதன் இழப்பு என்ன என்பதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெங்களூரில் பெண்கள் பிரிவை வென்றவர் கென்யாவின் ஆக்னெஸ் டிரோப். பத்தொன்பது வயதிலேயே, 2015-இல், உலக நாட்டுப்புற ஓட்டத்தில் வாகை சூடியவர். 2017, 2019 உலகப் போட்டிகளில் 10,000 மீட்டரில் வெண்கலம் பெற்றவர். 2021 செப்டம்பரில் ஜெர்மனியில், பெண்கள் மட்டும் ஓடிய பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 30 நிமிடம் 1 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். அடுத்த மாதமே இட்டென் நகரில் தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். வயது இருபத்தைந்து. கணவர் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது.

இருமுறை நம் சாலைகளில் ஓடி வென்ற பெண். சாலையோரம் நின்று கைதட்டியவர்களுள் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி ‘நாம் கண்ட ஆக்னெஸ்’ என்று நெஞ்சில் தைத்திருக்கும்? ‘கென்ய வீராங்கனை’ என்று மட்டும் நினைவில் வைத்தவனுக்கு, அவர் வேறு, இவர் வேறு என்று தோன்றாது. பெயரை நீக்கினால் வெற்றி மட்டுமா போகிறது? துயரத்தில் பங்குகொள்ளும் வழியும் அடைபட்டுப் போகிறது.

காலும் மூளையும்

இரண்டாவது வேற்றுமை பாராட்டின் உருவில் வருவது. ஆகவே கண்டறிவது கடினம். ‘இயற்கையாகவே ஓடப் பிறந்தவர்கள்’ என்று எழுதுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதன் உட்பொருள் என்ன? மான் ஓடுகிறது, சிறுத்தை ஓடுகிறது. அவற்றுக்கு நாம் கெட்டிக்காரத்தனத்தை ஏற்றிச் சொல்வதில்லை. உடலை மட்டும் புகழும்போது திட்டம், பயிற்சி, பொறுமை, துணிவு யாவும் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. ஐரோப்பியக் கால்பந்து வருணனைகளை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே கண்டது: வெளிர்நிற வீரரின் அறிவும் உழைப்பும் மிகுதியாகப் புகழப்பட்டன, கருநிற வீரரின் வலிமையும் வேகமும் மிகுதியாகப் புகழப்பட்டன.

பழைய சான்று ஒன்று. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை வென்றார். உலகம் அந்த வெறுங்காலை மட்டுமே நினைவில் வைத்தது. காட்டிலிருந்து நேரே ஓடிவந்தவர் போன்ற ஒரு சித்திரம் எழுந்தது. உண்மை வேறு. பிகிலா அரசரின் மெய்காவற்படை வீரர். ஓன்னி நிஸ்கானென் என்னும் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளரிடம் முறையாகப் பயின்றவர். புதுக் காலணி காலுக்கு ஒத்துவராததால் கழற்றினார். முசோலினியின் படை எத்தியோப்பியாவிலிருந்து கவர்ந்து சென்ற அக்சும் கற்றூண் அன்று ரோமாபுரியில் நின்றது. அதைக் கடக்கும் இடத்திலிருந்து வேகத்தைக் கூட்டுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார்கள். 1964-இல் டோக்கியோவில், குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரமும் நிறையாத நிலையில், காலணியோடு ஓடி மறுபடியும் வென்றார். திட்டமும் மனவுறுதியும் அன்றோ அவ்வெற்றி? உள்ளங்கால் எங்கிருந்து வந்தது?

நம் பீகாரின் சிவநாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடிப் பெயர் பெற்றவர்தாம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் வைத்த இந்திய சாதனை நாற்பதாண்டுகளுக்கு மேல் உடையாமல் நின்றது. அவரை ‘ஓடப் பிறந்த இனம்’ என்று யாரும் எழுதவில்லை. வறுமையை வென்றவர், உழைப்பாளி என்றே எழுதினோம். அந்த நீதியைப் பிகிலாவுக்கும் வழங்கக்கூடாதா?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். 1912 முதல் 1930கள் வரை நெடுந்தொலை ஓட்டத்தில் முன்னின்ற நாடு பின்லாந்து. பாவோ நூர்மி ஒருவரே ஒன்பது ஒலிம்பிக் தங்கம் பெற்றார். அக்காலத்தில் பின்லாந்தியரின் ‘இன இயல்பே’ காரணம் என்று எழுதியவர்களும் உண்டு. இன்று அந்த விளக்கத்தை யாரும் சொல்வதில்லை. வெற்றி எங்கே போகிறதோ அங்கே இன விளக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னே போகிறது!

அப்படியானால் கென்யரின் வெற்றிக்குக் காரணந்தான் என்ன? இட்டென் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றில் உயிர்வளி குறைவு. அங்கு வளர்ந்து பயிலும் உடல் அதற்கேற்பப் பழகுகிறது. மெலிந்த கெண்டைக்கால் அமைப்பும் உதவுகிறது என்று ஆய்வாளர் கூறுவர். ஆனால் ‘ஓட்டத்தின் மரபணு’ என்று தனியாக ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மலையுயரம் மட்டும் போதுமென்றால் நம் இமயமலைச் சிற்றூர்களும் வெற்றியாளரை விளைவித்திருக்க வேண்டும். அங்கே வேறொன்றும் இருக்கிறது: பள்ளிக்கூடப் பந்தயங்கள், விடியுமுன் கூட்டங்கூட்டமாய்ப் பயிலும் வழக்கம், முன்னே சென்று வென்ற அண்ணன்மாரின் எடுத்துக்காட்டு, ஒரு பரிசால் ஒரு குடும்பமே தலைநிமிரும் நிலை. இட்டெனின் புனித பாட்ரிக் பள்ளிக்கு 1976-இல் ஆசிரியராக வந்த அயர்லாந்துத் துறவி கோம் ஓகானல், அப்பள்ளி மாணவரைக்கொண்டே உலக வாகையர் வரிசை ஒன்றை உருவாக்கினார். இவையெல்லாம் மனிதர் செய்த ஏற்பாடுகள். அவற்றைக் கற்கலாம், பின்பற்றலாம். ‘பிறவிக் கொடை’ என்று சொல்லிவிட்டால் கற்க ஒன்றுமில்லாமற் போகிறது.

நம் மாநிலத்திலேயே நடந்த சோதனை

இந்த மயக்கம் எழுத்தோடு நிற்பதில்லை. அரசின் திட்டமாகவும் ஆகியிருக்கிறது. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். கன்னடமும் கொங்கணியும் பேசும் இந்தியக் குடிமக்கள். 1987-இல் இந்திய விளையாட்டு ஆணையம், ‘ஆப்பிரிக்க இரத்தம் ஆதலால் ஓடுவார்கள்’ என்ற நம்பிக்கையில் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்து பயிற்சி அளித்தது. அவர்களுள் சிலர் பதக்கங்களும் பெற்றார்கள். ஆனால் 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள்.

வாய்ப்புக் கொடுத்தது நன்று. அதைப் பாதியில் பறித்தது தீது. ஆயினும் அடிப்படைப் பிழை இன்னும் ஆழமானது. சித்திகளின் முன்னோருட் பெரும்பாலோர் கென்யாவின் ஓட்டமலைகளிலிருந்து வந்தவர்கள் என்று எண்ண இடமே இல்லை. தோலின் நிறத்தைக் கண்டார்கள்; காலின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள்! அம்மக்களுக்கு அன்று வேண்டியிருந்தது நிலவுரிமையும் பள்ளியும். பழங்குடிப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைத்ததோ 2003-இல்.

ஐயமும் உரிமையும்

மூன்றாவது, வெற்றியையே ஐயுறும் போக்கு. ஊக்கமருந்து கென்ய ஓட்டத்தைப் பிடித்த நோய் என்பது மெய்யே. பெயர்பெற்ற பலர் தடை செய்யப்பட்டிருக்கிறார்கள். அதை எழுதுவது பத்திரிகையின் கடமை. ஆனால் ஒருவர் குற்றத்துக்காக அந்நாட்டார் அனைவரையும் ஐயக்கண்ணோடு பார்ப்பது வேறு. அவ்வளவுகோலை நமக்கு வைத்தால் என்னாகும்? உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளுள் குற்றம் வெளிப்பட்ட விகிதம் மிகுந்த நாடு நம் இந்தியாவே.

சில வேளை ஐயம் குடியுரிமையையே தொடும். 2009-இல் நியூயார்க் மாரத்தானை மெப் கெஃப்லெசிகி வென்றார். எரித்திரியாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அமெரிக்கா சென்று, அங்கேயே பயின்று, 2004 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர். 1982-க்குப் பின் அங்கே வென்ற முதல் அமெரிக்க ஆண். ஆனால் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் எழுத்தாளர், இவர் குடியுரிமைச் சீட்டினால் மட்டுமே அமெரிக்கர் என்ற கருத்தில் எழுதினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1982-இல் வென்ற ஆல்பெர்ட்டோ சலாசரும் கியூபாவின் ஹவானா நகரில் பிறந்தவரே. அவரிடம் யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை. இருவருக்கும் உள்ள வேற்றுமை நிறமன்றி வேறென்ன?

2019-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அரைமாரத்தான் நடத்தியோர், ஆப்பிரிக்க வீரரை அழைப்பதில்லை என்று அறிவித்தார்கள். முகவர்கள் அவ்வீரரைச் சுரண்டுகிறார்கள், அதை எதிர்க்கவே இம்முடிவு என்றார்கள். சுரண்டல் உண்மைதான். ஆனால் சுரண்டப்பட்டவனையே வெளியே நிறுத்துவது எந்த ஊர் நீதி? எதிர்ப்பு வலுக்கவே முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் இது நம் கவலை?

‘தலைப்பில் ஒரு சொல் போனால் என்ன?’ என்று நண்பர்கள் கேட்கலாம். 2016 சனவரி 31 இரவை நினைவூட்டுகிறேன். இதே பெங்களூரில், எசரகட்டா சாலையில், சூடான் நாட்டு மாணவர் ஒருவர் ஓட்டிய வண்டி மோதி ஓர் உள்ளூர்ப் பெண் இறந்தார். சற்று நேரங்கழித்து அவ்வழியே வேறொரு வண்டியில் வந்த தான்சானியா நாட்டு மாணவியைக் கூட்டம் தாக்கி மானபங்கப்படுத்தியது, வண்டியைக் கொளுத்தியது. சூடானும் தான்சானியாவும் எல்லைகூடப் பகிராத நாடுகள். அவருக்கும் அந்த விபத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘அவர்களில் ஒருத்தி’ என்பதே அவர் செய்த குற்றம்.

செய்தித்தாள் தலைப்புத்தான் அந்தக் கூட்டத்தை ஏவியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெல்லும்போது ‘யாரோ ஒரு கென்யாக்காரன்’ என்று பார்த்த கண்ணும், வீதியில் ‘அவர்களில் ஒருத்தி’ என்று பார்த்த கண்ணும் ஒரே பழக்கத்தில் வளர்ந்தவை.

தமிழ் மாணவராகிய நமக்கு இது புரியாததா? விந்தியத்துக்கு அப்பால் சென்ற நம் தந்தையரும் அண்ணன்மாரும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் அடைபட்டார்கள். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி என்ற வேறுபாடு கேட்பார் இல்லை. அது நமக்குச் சுடவில்லையா? புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராசன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி பெற்று, பாலினச் சோதனையால் அதை இழந்தபோது, அவர் ஓட்டத்தை மறந்து உடலையே செய்தியாக்கிய எழுத்துகள் எத்தனை! உடலாக மட்டும் பார்க்கப்படுவதன் வலியை நம் வீட்டுப் பெண்ணே பட்டிருக்கிறாள்.

நம் கையும் தூயதன்று. ‘காப்பிரி’ என்ற பழஞ்சொல் நம் அகராதியில் இருக்கிறது. இன்றும் சிலர் வாயில் வசையாக இருக்கிறது. சிவப்பு நிறத்துக்கு மணமகள் விளம்பரத்தில் நாம் தரும் மதிப்பை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யத்தக்கது

முடிவாக என் கருத்து இது. நம் செய்தியாளர் பெரும்பாலோரிடம் வெறுப்பு இல்லை. ஆனால் சோம்பல் இருக்கிறது. அந்தச் சோம்பல் ஏற்கெனவே வெட்டிவைத்த வாய்க்காலில் ஓடுகிறது. அந்த வாய்க்காலை வெட்டியது நிறவேற்றுமை. ஆகவே நோக்கத்தில் பிழையில்லாத செய்தியும் விளைவில் பிழை செய்யலாம்.

மாற்றுவது அரிதன்று. வென்றவரின் பெயரைத் தலைப்பில் போடலாம். அவர் ஊரையும் பயிற்சியையும் இரண்டு வரி சொல்லலாம். ‘ஆதிக்கம்’ என்ற சொல்லை, ஒருவர் தம் உழைப்பால் வென்ற இடத்தில் தவிர்க்கலாம். நம் சங்க இதழே அடுத்த ஆண்டு ஓட்டத்தன்று ஒரு நிருபரை அனுப்பட்டும். வென்றவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதட்டும். வாசகராகிய நாமும், தாளைத் திருப்பாமல் விடை சொல்லும் வழக்கத்தை விடுவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்பங்கரைக்கு ஆகும், மனிதருக்கு ஆகாது.

சென்ற வாரம் அந்த உகாண்டா நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: “அன்று பூங்காவில் உங்கள் வீரரைக் கென்யர் என்றார்கள், நானும் தலையசைத்தேன்.” அவர் சிரித்தார். “நானும் இங்கு வந்த ஓராண்டு வரை உங்களையெல்லாம் இந்திக்காரர் என்றே நினைத்திருந்தேன்” என்றார்.

மறுநாள் காலை இருவருமாகவே பூங்காவுக்குப் போனோம். பெரியவர்களிடம் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.